தொடர்பு அறுந்த பதினொரு விநாடி

புகைபோக்கிக்குள் ட்ரோன் விடுகிறவள் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் அவள் பிழைப்பு. ஆலைகளின் செங்கல் புகைபோக்கி, தானியம் கொட்டும் உயரமான உருளைக் கிடங்கு, கொதிகலனின் வயிறு என்று ஆள் ஏறினால் உயிருக்கு உத்தரவாதமில்லாத இடங்களுக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ட்ரோனை அனுப்புவாள். அது பார்ப்பதைத் தன் கண்ணில் மாட்டிய காகிள்ஸ் திரையில் பார்த்துக்கொண்டே ஓட்டி, விரிசலையும் பெயர்ந்த கல்லையும் படம் பிடித்துக் கொடுப்பாள்.

தொழில் கணவனுடையது. ஒன்றரை வருடத்துக்கு முன்புவரை அவன் ஓட்டினான், இவள் பேட்டரி மாற்றினாள், அறிக்கை எழுதினாள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் விழுந்து கிடந்த ட்ரோனை எடுக்க ஏணியில் ஏறினான். மேலிருந்து நான்காவது படி துருப்பிடித்திருந்தது. உயிர் மட்டும் தப்பியது. அன்றிலிருந்து கட்டிலில் கிடந்தான். கண் திறந்திருக்கும், கூரையைப் பார்க்கும். கூப்பிட்டால் திரும்பாது. கையைக் கிள்ளினால் முகம் சுளிக்காது.

"உள்ள ஆள் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியலம்மா. வீண் நம்பிக்கை குடுக்க விரும்பல" என்றார் நரம்பு மருத்துவர்.

அவனைப் பார்த்துக்கொள்ள அவன் தங்கை வந்து சேர்ந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுக்களையில் நின்றால் பாத்திரம்தான் பேசும் என்பார்கள். இந்த வீட்டில் நாத்தனார் இல்லாவிட்டால் அடுப்பே எரியாது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். எத்தனை மணிக்கு அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்தாள், எப்போது மருந்து, எப்போது காய்ச்சல், எல்லாம் நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். "நாளைக்கு டாக்டர் கேட்டா தலையச் சொறியக் கூடாது பாருங்க" என்பாள்.

அன்றைக்கு வேலை ஒரு காகித ஆலையில். அறுபது மீட்டர் புகைபோக்கி. அடியில் ஆள் நிற்கக் கூடாது, கல் விழும் என்பது ஆலையின் விதி. அதனால் படம் வாங்கும் ஆன்டெனாவை மட்டும் நீளமான கேபிளில் கட்டிப் புகைபோக்கியின் அடிக்குள் தள்ளி வைத்துவிட்டு, அவள் வெளியே, ஒரு முழம் தடிமனான சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள். கையில் ட்ரோனை ஓட்டும் ரேடியோ, அதில் கட்டைவிரலால் திருகும் இரண்டு ஸ்டிக். படம் கேபிள் வழியாக வரும், அறுந்து போகாது. ஆனால் இவள் விரல் சொல்வது காற்று வழியாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு போயாக வேண்டும். கணவன் வாங்கிய பழைய ரேடியோவுக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம்தான்.

நாற்பது மீட்டர் ஏறியதும் ரேடியோவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தொடர்பு அறுந்துவிட்டது என்று அறிவித்தது.

தொடர்பு அறுந்தால் என்ன ஆக வேண்டும் என்பதைக் கணவன் எப்போதோ தீர்மானித்து அமைத்திருந்தான். மோட்டார் நான்கும் நிற்கும், ட்ரோன் விழும். "கட்டளை இல்லாம பறக்கிற ட்ரோன் வெறி நாய் மாதிரி. அது விழுந்து உடையறதே மேல்" என்பான். ஆக, விழப் போகிறது. நாற்பது மீட்டர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விழவில்லை.

காகிள்ஸில் படம் நிதானமாக நகர்ந்தது. அவள் இரண்டு கட்டைவிரல்களையும் ஸ்டிக்கிலிருந்து எடுத்தே விட்டாள். ட்ரோன் தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பிற்று. திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம், மிக லேசாக, வலப்பக்கம் சரிந்தது. வாசலில் எதிரே வருகிறவருக்கு வழிவிட ஒதுங்குகிற மாதிரி. பிறகு சுவரை ஒட்டி வட்டமடித்து, செங்கல் வரிசையில் ஓர் இடத்தின் முன்னால் போய் நின்று, இரண்டு முறை தலையாட்டியது. "தொடர்பு கிடைத்துவிட்டது" என்றது ரேடியோ. ட்ரோன் மறுபடி அவள் விரலுக்குக் கட்டுப்பட்டது.

இறக்கிக் கையில் எடுத்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேனா பிடிக்கிறவனுக்குக் கையெழுத்து இருப்பதுபோல ட்ரோன் ஓட்டுகிறவனுக்கும் ஒரு கை உண்டு. இடப்பக்கம் திரும்ப வலப்பக்கம் சரிவதும், நின்ற இடத்தில் இரண்டு ஆட்டம் ஆட்டுவதும் ஒரே ஒருவனின் கை. "உங்க ட்ரோன் வந்து நின்னு வணக்கம் போடுது" என்று அவளே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள்.

ஆலையின் என்ஜினியர் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்தச் செங்கல் வளையம் முழுக்க விரிஞ்சிருக்கே! போன வருஷம் வந்தவங்க யாருமே பாக்கல. இந்தக் கோணத்துல எப்படி எடுத்தீங்க?"

"தானா அமைஞ்சுது சார்" என்றாள். அது பொய்யில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் நாத்தனார் கையில் நோட்டோடு எதிரே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, நான் சொன்னா சிரிக்கக் கூடாது. அண்ணனோட கட்டைவிரல் ரெண்டும் இன்னிக்கு அசைஞ்சுது."

"எப்ப?"

"பதினொண்ணு இருபது. நகம் வெட்டிக்கிட்டு இருந்தேன். சும்மா துடிக்கல அண்ணி. இப்படி, மேல, கீழ, சுத்தி... எதையோ பிடிச்சுத் திருகுற மாதிரி. நாலஞ்சு தடவ மூச்சு விடுற நேரம் இருக்கும். அப்புறம் நின்னுடுச்சு."

அவள் பைக்குள்ளிருந்து ட்ரோன் எடுத்த படத்தைக் கணினியில் போட்டாள். தொடர்பு அறுந்த இடத்தில் மூலையில் ஓடிய நேரம் பதினொன்று இருபது. அறுந்திருந்தது பதினொரு விநாடி.

அன்று இரவு இரண்டு பெண்களும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அவள் ரேடியோவை அவன் கையில் வைத்து, கட்டைவிரல்களை ஸ்டிக்கின் மேல் எடுத்து வைத்துப் பார்த்தாள். வைத்த விரல் வைத்தபடி கிடந்தது. மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். தசைத் துடிப்பு, அதற்குப் பொருள் தேட வேண்டாம் என்றார்.

ரேடியோக் கடைக்காரரைத் தேடிப் போனாள். அவர் கணவனின் சிநேகிதர். கடை முழுக்க ஆன்டெனாவாகத் தொங்கும், அதனால் ஊருக்கே அவர் 'ஏரியல்'. எதைச் சொன்னாலும் முதலில் நம்பாத மனிதர். ட்ரோன் தனக்குள் எழுதி வைத்திருக்கும் பதிவை எடுத்துத் திரையில் விரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"தங்கச்சி, இங்க பாரு. இந்தக் கோடு சிக்னல். பூஜ்யம். ஒரு சொட்டு இல்ல. கீழ இருக்கிற நாலு கோடு ஸ்டிக். அது அசையுது."

"நான் விரல எடுத்துட்டேன் அண்ணா."

"எடுக்காட்டிதான் என்ன? போய்ச் சேர வழியே இல்லையே."

"வேற யாராவது, வேற ரேடியோவுல..."

"அப்பவும் சிக்னல்னு ஒண்ணு வேணும்ல? அஞ்சல்காரர் வராத வீட்டுக்குள்ள கடிதம் கிடக்குது." அவர் திரையை அணைத்தார். அதற்குமேல் அதைப் பார்க்க அவருக்குப் பிரியமில்லை என்பது தெரிந்தது. "பழைய சாமான். எங்கேயோ கோளாறு. நீ முதல்ல லிங்க்க மாத்து. கையில இருக்கிற ரேடியோ, ட்ரோனுக்குள்ள இருக்கிற ரிசீவர், ரெண்டையும்."

பிறகு தனக்குத் தெரிந்த தரையில் கால் வைத்தவராகத் தெம்பாகப் பேசினார். பழைய ரேடியோ ஓடுவது இரண்டு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸில். திறந்த வெளியில் அதற்கு நிகரில்லை, ஆன்டெனாவும் சின்னது. ஆனால் செங்கல்லுக்குள் போகிறவளுக்கு அலை நீளமானதாக, தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டும். சுவரில் முட்டிச் சாகாது.

"அப்புறம் வேகம். விநாடிக்கு ஐந்நூறு தடவ கட்டளை அனுப்பலாம்னு பீத்திக்குவாங்க. பந்தயத்துக்கு அது சரி. உனக்கு ஐம்பதே போதும். வேகமா உளறுறவன் பேச்சு அடுத்த ரூமுக்குக் கேக்காது. நிதானமா, அழுத்தமா சொல்றவன் பேச்சு சுவத்தத் தாண்டும். ரிசீவர் ஆன்டெனாவ நிமித்தி வை, ட்ரோனோட கார்பன் சட்டத்துல படுக்கப் போடாதே. ரேடியோ ஆன்டெனாவோட நுனிய ட்ரோனப் பாத்து நீட்டாதே. நுனியில சிக்னலே வராது, பக்கவாட்டுலதான் வரும்."

புதிய ரிசீவரை ஈயம் உருக்கி ட்ரோனில் பற்றவைத்தார். ரேடியோவுக்கும் ரிசீவருக்கும் பொதுவான ஒரு ரகசியச் சொல் கேட்டார். இரண்டிலும் அதே சொல் இருந்தால்தான் ஒன்றை ஒன்று அடையாளம் காணும். அவள் தட்டச்சு செய்தபோது மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தொடர்பு அறுந்தால் விழ வேண்டும் என்பதையும் மறுபடி அமைத்து, இறக்கைகளைக் கழற்றிவிட்டு மேசைமேல் சோதித்தார்கள். ரேடியோவை அணைத்த ஒரு நொடியில் மோட்டார் நின்றது. பழைய ரிசீவரைப் போட்டும் சோதித்தார்கள். அதிலும் நின்றது.

"பாத்தியா? எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்றார் ஏரியல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

புதிய லிங்க் சொன்ன சொல் தவறவில்லை. ஐந்து வாரத்தில் ஏழு வேலை. இரண்டு சுவருக்கு அப்பால், இரும்புக் கிடங்கின் அடிவயிற்றில், எங்கே போனாலும் ஒரு விநாடிகூடத் தொடர்பு அறவில்லை. அந்தப் பெண் குரல் வாயே திறக்கவில்லை. நாத்தனாரின் நோட்டிலும் விரல் அசைந்த சேதி இல்லை. மாறாக வேறு சேதிகள் வந்தன. முதுகில் புண், விடாத காய்ச்சல், குழாய் வழியாகக் கொடுத்த கஞ்சி தங்கவில்லை.

"அன்னிக்கு நான்தான் கனவு கண்டேனோ என்னவோ" என்றாள் நாத்தனார், துணி மடித்துக்கொண்டே.

ஒவ்வொரு வேலையிலும் நாற்பது மீட்டரைத் தாண்டும்போது, யாரோ தட்டுகிற கதவைத் தோள் கொடுத்துச் சாத்திப் பிடித்திருக்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து புதிய ரிசீவரைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பற்றவைத்தாள், பழைய ரேடியோவையும் எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் குடியிருந்தது நான்காவது மாடி. ஜன்னலுக்கு எதிரே பிள்ளைகள் பந்தாடும் மைதானம், அதன் கோடியில் ஒரு தடுப்புச் சுவர். நாலு மணிக்கு அவள் சுவரோரம் நின்றாள். நாத்தனார் கட்டிலருகே. இருவருக்கும் நடுவே தொலைபேசி இணைப்பு திறந்தே இருந்தது. வெயிலுக்குப் பயந்து மைதானத்தில் ஆளில்லை.

ட்ரோனைப் பத்து மீட்டர் ஏற்றினாள். ரேடியோவின் பொத்தானை அழுத்தி, அதை அணைத்தே விட்டாள்.

மோட்டார் நிற்கவில்லை.

"அண்ணி!" தொலைபேசியில் நாத்தனாரின் குரல் கிறீச்சிட்டது. "விரல் அண்ணி! ரெண்டும்!"

ட்ரோன் வலப்பக்கம் ஒரு சொட்டு சரிந்து, இடப்பக்கம் திரும்பிப் பறந்தது. காகிள்ஸுக்குள் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அது கோல் கம்பங்களுக்கு நடுவே புகுந்து வந்தது. சிமெண்டு பெஞ்சுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டது. ஒன்றரை வருடம் கட்டிப் போட்டிருந்த கன்றை அவிழ்த்து விட்டதுபோல. "என்னங்க, பாத்து, பாத்து" என்று பழைய பழக்கத்தில் அவள் வாய்விட்டே சொன்னாள்.

பிறகு அது வீட்டைப் பார்த்துத் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவது மாடி. திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. இரண்டு முறை தலையாட்டியது.

காகிள்ஸில் அவள் தன் வீட்டு அறையைப் பார்த்தாள். கட்டில், பிளாஸ்டிக் குழாய், மருந்துப் புட்டிகள், வாயைப் பொத்தி நிற்கும் நாத்தனார். கட்டிலில் கன்னம் ஒட்டி, எலும்பு தெரிய ஒரு மனிதன். போர்வைமேல் அவன் கட்டைவிரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ட்ரோன் நகராமல் அவனையே பார்த்தது. அவள் பார்க்கிற இதே படத்தை அவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் இப்படிக் கிடப்பதை அவன் இதுவரை பார்த்ததில்லை.

எவ்வளவு நேரமோ. பிறகு ட்ரோன் பின்வாங்கியது, நிமிர்ந்தது, நேராக மேலே ஏறத் தொடங்கியது.

மொட்டை மாடி கீழே போனது. மைதானம் கைக்குட்டையாயிற்று. உயரம் காட்டும் எண் நூறைத் தாண்டியது, நூற்றைம்பதைத் தாண்டியது. திரும்புகிற எண்ணமே இல்லாத ஏற்றம். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழுந்தது.

"அண்ணி, அண்ணன் மூச்சு..." நாத்தனாரின் குரல் உடைந்தது. "விட்டு விட்டு வருது. உதடு நீலமாகுது. என்ன பண்றீங்க அங்க? நிறுத்துங்க!"

இருநூற்று முப்பது. பேட்டரி குறைகிறது என்ற எழுத்து மின்னியது. ரேடியோ அவள் கையில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் இரண்டு நொடியில் ட்ரோன் அவள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். அழுத்தாவிட்டால்... அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசித்ததாகப் பின்னால் எவ்வளவு முயன்றும் அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. அழுத்தினாள்.

"தொடர்பு கிடைத்துவிட்டது" என்றது பெண் குரல்.

ட்ரோன் ஒரு குலுக்கு குலுக்கியது, கையைப் பிடித்து இழுத்தால் திமிறுகிற மாதிரி. அவள் இறக்கினாள். தரையைத் தொடும்போது பேட்டரியில் உயிர் இல்லை.

"மூச்சு வந்துடுச்சு அண்ணி" என்றாள் நாத்தனார், வெகுநேரம் கழித்து. "விரல் நின்னு போச்சு."

அதைப் பற்றி இருவரும் பத்து நாள் பேசவில்லை. பதினோராவது நாள், அண்ணனின் முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவ வந்த நாத்தனார், குழாயை மூடாமலே கேட்டாள்.

"அண்ணன் எங்க போகப் பாத்தாரு அண்ணி?"

"மேல."

"நீங்க ஏன் நிறுத்துனீங்க?"

"நீதான நிறுத்தச் சொன்ன?"

"நான் பயந்தேன். நீங்களுமா?"

அவள் குழாயை மூடினாள். "எனக்கு அவர் வேணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். அவருக்கு என்ன வேணும்னு அப்ப நினைக்கல."

நாத்தனார் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "அந்தப் புண்ண நீங்க பாக்கல. இன்னிக்கு எலும்பு தெரியுது. அவர் போகணும்னா போகட்டும். நான் இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறு அதே மைதானம், அதே நாலு மணி, அதே பழைய ரிசீவர். பேட்டரி மட்டும் புதியது, இருப்பதிலேயே பெரியது. கிளம்பும்போது அவள் அவன் நெற்றியில் கை வைத்து, "நான் பிடிச்சு இழுக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். நாத்தனார் அழுது முடித்துவிட்டுத்தான் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

ட்ரோன் ஏறியது. பத்து மீட்டர், இருபது, முப்பது. அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளே ஐம்பது வரை கொண்டுபோய் நிறுத்தினாள். ரேடியோவை அணைத்தாள்.

நான்கு மோட்டாரும் நின்றன. ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து ட்ரோன் கல்லாக விழுந்து, கோல் கம்பத்தருகே சிதறியது. படம் கறுத்தது.

அவள் காகிள்ஸைக் கழற்றவில்லை. இருட்டைப் பார்த்தபடியே நின்றாள். "என்ன ஆச்சு?" என்று தொலைபேசியில் கேட்டாள். "விரல்?"

"அசையல." நாத்தனாரின் குரல் விசித்திரமாகத் தாழ்ந்திருந்தது, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவள்போல. "அண்ணி, சீக்கிரம் வாங்க. என்னையே பாக்குறாரு."

"கண்ணு எப்பவும் தொறந்துதான இருக்கும்?"

"இல்ல அண்ணி. பாக்குறாரு. நான் நகந்தா கண்ணும் கூட வருது. நான் ஜன்னல் பக்கம் வந்துட்டேன், இங்கயும் வந்துடுச்சு."

உடைந்ததை உடைந்த இடத்திலேயே விட்டுவிட்டு அவள் ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடியும் ஏறினாள். அறை வாசலில் நின்றபோது அவன் கண்கள் தங்கையின் முகத்தை விட்டு மெல்ல நகர்ந்து, சுவரைக் கடந்து, இவளிடம் வந்து நின்றன. ஒன்றரை வருடமாக அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் கிடைத்தபோது அரை நிமிடத்துக்குமேல் அவளால் அதைத் தாங்க முடியவில்லை. திரைச்சீலையைச் சரிசெய்கிறவள்போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அரிதாக நடப்பது உண்டு என்றார்கள். புண் ஆறியது, காய்ச்சல் விட்டது. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் வந்து இமையால் பேசச் சொல்லிக்கொடுத்தாள். ஆம் என்றால் ஒரு முறை இமைக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டு முறை. அவன் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். தண்ணீர் வேண்டுமா, விளக்கை அணைக்கட்டுமா, கால் வலிக்கிறதா, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. நாத்தனார் நோட்டில் பக்கம் பக்கமாக அவன் பதில்களை எழுதுகிறாள். விழுந்த நாளிலிருந்து எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்ததா என்று கேட்டவளும் அவளே. அவன் ஒரு முறை இமைத்தான். அதைப் பார்த்த மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அவள் புதிய ட்ரோன் வாங்கினாள். தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ் லிங்க்தான், ஏரியல் அமைத்துக் கொடுத்தது, ஒரு நாளும் தொடர்பு அறுந்ததில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் மாலையில் செருப்பைக் கழற்றும்போதும் அவன் கண்கள் அவள்மேல் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. முதல் ஞாயிறு கீழே இழுத்ததற்குக் கோபமா? இரண்டாம் ஞாயிறு அவனாகத்தான் தங்கினானா, அல்லது போகலாம் என்று வந்து பார்த்து, ட்ரோனுக்குள் நுழைகிற வழி அடைத்திருப்பதைக் கண்டானா? கேட்டால் பதில் சொல்ல அவனுக்கு இமை இருக்கிறது. அவள் இன்னும் கேட்கவில்லை.